சட்டையைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு வருடம்

என் முதல் மாநிலப் போட்டியில் யாரும் என்னைத் தூக்கிப் போடவில்லை. ஆனாலும் 4 நிமிட ஆட்டம் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மூன்று ஷிடோ. ஜூடோவில் ஷிடோ என்பது தண்டனை எச்சரிக்கை. மூன்று சேர்ந்தால் ஆட்டத்தை விட்டே வெளியே. முதலாவது, பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்ததற்கு. இரண்டாவது, இடுப்பை வளைத்துத் தலையைக் குனிந்து தற்காப்பிலேயே நின்றதற்கு. மூன்றாவது, பயத்தில் ஒப்புக்கு ஒரு சியோய் நாகே, அதாவது தோள்வழி எறிதல், போட்டு நானே முழங்காலில் விழுந்ததற்கு. அது போலித் தாக்குதல் என்று நடுவர் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். எதிரில் நின்ற பெண்ணுக்கு 19 வயது இருக்கும், வியர்க்கக்கூட இல்லை. மேட்டை, அதாவது ஆட்ட விரிப்பை, விட்டு இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, அரங்கத்தின் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். 31 வயதில், ஒரு விளையாட்டுக்காக. இப்போது சொல்ல வெட்கமில்லை.

அந்த இரண்டரை நிமிடத்தில் நடந்தது என்னவென்று புரிந்துகொள்ள எனக்கு இன்னொரு வருடமும் ஒரு விரலும் செலவாகின. யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டையும் மிச்சப்படுத்தியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன். ஜூடோவை வயதான பிறகு, அதுவும் பெண்கள் அதிகம் இல்லாத வகுப்பில் கற்பவர்களுக்கு இது கொஞ்சம் உதவும்.

நான் சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் கேஷ் கவுண்டரில் இருக்கிறேன். 29 வயதில், முதுகு வலிக்கு ஏதாவது செய்யலாம் என்று வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஜூடோ வகுப்பில் சேர்ந்தேன். மாதம் 1,500 ரூபாய். வாரத்துக்கு நாலு மாலை. முதல் ஆறு மாதம் விழப் பழகினேன். அப்புறம் உச்சிகோமி, அதாவது எறிதலைக் கடைசி நொடி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தித் திரும்பத் திரும்பச் செய்வது. ஒரு மாலைக்கு நூறு, நூற்றைம்பது. எனக்கு அது பிடித்துப்போனது. எண்ணிக்கை ஏற ஏற நானும் முன்னேறுகிறேன் என்று ஒரு கணக்கு. இப்பொனுக்காக, அதாவது ஒரே எறிதலில் ஆட்டத்தை முடிக்கும் முழுப் புள்ளிக்காக, ஆள் பறக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இந்த எறிதல் கைகூடிவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஆனால் உச்சிகோமியில் எதிரே நிற்பவர் தன் காலரையும் கையையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறார். போட்டியில் யாரும் அப்படி நீட்டுவதில்லை என்பது கேட்டால் சின்ன விஷயம். எனக்கு இரண்டு வருடம் உறைக்கவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமான விஷயம். எங்கள் வகுப்பில் பெண்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். ரன்டோரி, அதாவது சுதந்திரமாக மோதும் பயிற்சி, பெரும்பாலும் பையன்களோடுதான். ஜூடோவில் அடிப்படைப் பிடி என்பது ஒரு கை எதிராளியின் காலரில், கழுத்தெலும்புக்குப் பக்கத்தில். இன்னொரு கை அவருடைய கைச்சட்டையில், அதாவது சட்டையின் கைப்பகுதியில், முழங்கைக்குப் பக்கத்தில். எங்கள் பையன்கள் நல்ல பையன்கள். அதனாலேயே என் காலரைப் பிடிக்கவே மாட்டார்கள். மார்புப் பக்கம் கை போகிறதே என்று கூச்சம். கைச்சட்டையை மட்டும் இரண்டு விரலால் பிடிப்பார்கள், அல்லது என்னைப் பிடிக்க விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். உள்ளே வெள்ளை டி-ஷர்ட் போட்டிருக்கிறேன், விதியும் அதைத்தான் கேட்கிறது, இருந்தும் அப்படித்தான். நானும் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே எனக்குப் பிடியைத் தாரை வார்த்தார்கள். விளைவு, இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட ஒரு முழுமையான, முரட்டுத்தனமான காலர் பிடியை நான் உணர்ந்ததில்லை. போட்டியில் நடுவர் ‘ஹஜிமே’ (தொடங்குங்கள்) சொன்ன இரண்டாவது நொடியில் அந்தப் பெண் என் காலரைப் பிடித்துக் கீழே அழுத்தியபோது, என் கழுத்து அப்படி வளையும் என்றே எனக்குத் தெரியாது. இப்போது யாராவது என்னிடம் கேட்டால், முதல் மாதமே உங்கள் மாஸ்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள் என்பேன். ‘சார், எல்லாரும் என் காலரை ஒழுங்காப் பிடிக்கணும்’ என்று. கேட்க ஒரு நிமிடக் கூச்சம்தான்.

உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் 3,200 ரூபாய்க்கு ஒரு ஜூடோ உடை வாங்கினேன். துவைத்தால் சுருங்கும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி இரண்டு சைஸ் பெரிதாக. அது சுருங்கவே இல்லை. கைப்பகுதி தொளதொளவென்று தொங்கியது. எதிராளிக்கு நானே கைப்பிடி மாட்டிக் கொடுத்த மாதிரி. சர்வதேச விதிப்படி கை நீட்டினால் கைச்சட்டை மணிக்கட்டு வரை வர வேண்டும், துணிக்கும் கைக்கும் நடுவில் 10 முதல் 15 செ.மீ. இடைவெளி வேண்டும். இதை அளக்கத் தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள். கானோ ஜிகோரோ 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய காலத்து உடையில் கைப்பகுதி முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். பிறகுதான் நீளமானது. கைச்சட்டைக்காக இவ்வளவு அடிதடி நடப்பது அந்த நீளம் வந்த பிறகுதான் என்று நினைத்துக்கொள்வேன். சரி, விஷயம் இதுதான்: வாங்கும்போது ஒரு முறை துவைத்த உடையைப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். முடியாவிட்டால் ஒரு சைஸுக்கு மேல் கூட்டாதீர்கள். நான் கடைசியில் 9,500 கொடுத்து இன்னொன்று வாங்கினேன். முதலாவது இப்போது வீட்டில் மோட்டார் துடைக்க இருக்கிறது.

தோற்றுவிட்டு வந்ததும் எனக்குக் கோபம். பலம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். 700 ரூபாய்க்குக் கையால் அமுக்கும் ஸ்பிரிங் கருவி ஒன்று வாங்கி, பஸ்ஸில் போகும்போதெல்லாம் அமுக்கினேன். வகுப்பில் யார் கைச்சட்டை கிடைத்தாலும் உடும்புப் பிடி. முன்கை கல் மாதிரி இறுகிவிடும், இரண்டு நிமிடத்தில் விரல் திறக்காது. அதைப் பெருமையாக வேறு நினைத்தேன். ஒரு வியாழக்கிழமை, ஒரு கல்லூரிப் பையனின் வலது கைச்சட்டை என் இடது கையில். அவன் கையை வெடுக்கென்று உருவினான். நான் விடவில்லை. துணி விரல்களில் சிக்கிக்கொண்டு போனது. மோதிர விரலுக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது.

இந்தப் பத்தியை மட்டுமாவது ஜூடோ, கபடி, ரக்பி ஆடுகிறவர்கள் கவனமாகப் படியுங்கள். வீங்கியது, ஐஸ் வைத்தேன். அடுத்த நாள் அருகில் இருந்த கிளினிக்கில் எக்ஸ்ரே. எலும்பு முறிவு இல்லை, சுளுக்குத்தான், ஓய்வு எடுங்கள் என்றார்கள். அம்மா சொன்னாரென்று சுளுக்கு எடுப்பவரிடம் மூன்று முறை எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். வலி குறைந்தது. ஆனால் கவுண்டரில் நோட்டுக் கட்டை இடது கையில் சொருகிக்கொண்டு எண்ணும்போது மோதிர விரலின் நுனி மடங்கவே இல்லை. வீக்கம் என்று நினைத்தேன். நாலு வாரம் கழித்துத்தான் கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போனேன். அவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதற்கு முன்பே செய்த சோதனை அரை நிமிடம்: விரலின் நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, ‘நுனியை மட்டும் மடக்குங்க’ என்றார். முடியவில்லை. விரல் நுனியை மடக்கும் தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்து உள்ளங்கைக்குள் பின்வாங்கிவிட்டது. மடங்கியிருக்கும் விரலைத் துணி பிடித்து இழுத்து நிமிர்த்தும்போது இப்படி ஆகும். பெரும்பாலும் மோதிர விரலுக்கே. எலும்பைப் பெயர்த்துக்கொண்டு வராவிட்டால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. என் மாதிரி முழுக்கப் பின்வாங்கியிருந்தால் ஒரு வாரம், பத்து நாளுக்குள் வந்தால் திரும்ப இழுத்துத் தைக்கலாம், இப்போது தசைநாண் சுருங்கிப்போயிருக்கும் என்றார். வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து இரண்டு கட்டமாக அறுவை செய்யலாம், அல்லது நுனி மூட்டை அப்படியே நிலையாக இணைத்துவிடலாம், அல்லது விட்டுவிடலாம். நடு மூட்டு மடங்குகிறது, வேலைக்குப் பெரிய தொந்தரவில்லை. விட்டுவிட்டேன்.

எம்.ஆர்.ஐ. 6,500, நிபுணரிடம் மூன்று முறை, பிசியோதெரபி 18 நாள் 450 வீதம், அதற்கு முன் எக்ஸ்ரே, எண்ணெய், மருந்து என்று 20,000 ரூபாயைத் தாண்டியது. பணம் பெரிதில்லை. முதல் நாளே யாராவது அந்த அரை நிமிடச் சோதனையைச் சொல்லியிருந்தால் என்ற எண்ணம்தான் ராத்திரியில் வந்து உட்காரும். வகுப்பில் இப்போது யார் விரலில் அடிபட்டாலும் நான் ஓடிப்போய் நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொல்கிறேன். கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

இரண்டு மாதம் மேட்டில் ஏற முடியாது. ஆனாலும் போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். வீட்டில் ஒலிம்பிக் ஆட்டங்களைப் பார்ப்பேன், 2021 டோக்கியோவில் 52 கிலோ தங்கம் வென்ற அபே உத்தாவின் ஆட்டங்கள் அதிகம். வேறு வேலை இல்லாததால் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன்: திரையின் கீழ்ப் பாதியை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, கைகளை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, ஆள் காற்றில் பறப்பது ஒரு நொடி. அதற்கு முன் நிமிடக்கணக்கில் கைகள் தட்டி, வெட்டி, நழுவி, மறுபடி வந்து சண்டை போடுகின்றன. தனக்குப் பிடி அமைந்து எதிராளிக்கு அமையாத அந்த அரை நொடியில்தான் எறிதல் வருகிறது. நான் இரண்டு வருடம் அந்தக் கடைசி ஒரு நொடியை மட்டும் பயிற்சி செய்திருக்கிறேன்.

மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் மாஸ்டர் இல்லை, விளையாட்டு விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த 16 வயதுப் பெண். இடதுகைக்காரி. நான் திரும்பி வந்த முதல் நாள், விரலில் டேப் சுற்றிக்கொண்டு அவளோடு நின்றேன். பத்து முறையும் அவள்தான் முதலில் பிடித்தாள். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: ‘அக்கா, நீங்க எப்பவும் ரெண்டு கையையும் ஒண்ணா நீட்டுறீங்க. காலருக்குத்தான் வருவீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுடுது.’ அப்புறம் இன்னொன்று சொன்னாள், அதுதான் என்னை மாற்றியது. அவள் கைச்சட்டையை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தபோது, ‘விட்டுட்டு மறுபடி பிடிங்கக்கா. துணி எங்க போயிடப்போகுது?’

அந்தச் சிறுமி சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். வலதுகைக்காரரும் வலதுகைக்காரரும் நின்றால் ஜப்பானியர்கள் அதை ஐ-யோட்ஸு என்பார்கள். அங்கே எதிராளியின் காலருக்கு அவசரப்படாதீர்கள். அவருடைய வலது கைதான் உங்கள் காலருக்கு வரப்போகிறது. உங்கள் இடது கையால் அந்த வலது கைச்சட்டையை முதலில் எடுத்துவிட்டால் அவருடைய முக்கிய ஆயுதம் உங்கள் கையில். பிறகு நிதானமாகக் காலர். ஒருவர் வலது, ஒருவர் இடது என்றால் கென்கா-யோட்ஸு. கென்கா என்றால் சண்டை, பேருக்கேற்ற மாதிரிதான் இருக்கும். அங்கே கைச்சட்டை தூரத்தில் இருக்கும், இரண்டு பேரின் காலர் கைகளும் ஒரே பக்கம் வந்து மோதும், முன்கால்களும் நேருக்கு நேர். யார் கை உள்ளே, யார் கை வெளியே என்பதுதான் முதல் கேள்வி. நான் உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன், முழங்கையைக் கீழே தொங்கவிட்டு. வெளியே இருந்து மேலாகப் பிடித்து அழுத்துவதும் சிலருக்கு ஒத்துவரும். ஏதாவது ஒன்றை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் மறு கை கைச்சட்டையைத் துரத்த வேண்டும். எந்தப் போட்டியிலும் எதிராளி வார்ம்-அப் செய்யும்போது போய்ப் பாருங்கள், இடதா வலதா என்று. முதல் போட்டியில் இதை நான் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணும் இடதுகைக்காரி என்பது ஆட்டம் முடிந்த பிறகு யோசித்துப் பார்த்துத்தான் புரிந்தது.

பிடியை உடைப்பது தனிக் கலை. கையை மட்டும் வைத்து உருவினால் பலசாலிதான் ஜெயிப்பார். உங்கள் காலரை அவர் வலது கையால் பிடித்திருந்தால், அவர் மணிக்கட்டுக்குப் பக்கத்துத் துணியை உங்கள் இடது கையால் பிடித்து அங்கேயே நிறுத்திவிட்டு, இடது தோளையும் மார்பையும் வெட்டிப் பின்னால் இழுக்க வேண்டும். அவர் கை நகராது, உங்கள் சட்டைதான் அவர் கையை விட்டு வெளியே வரும். அழகு என்னவென்றால், பிடி அறுந்த நொடியில் அவர் கைச்சட்டை உங்கள் கையில் இருக்கிறது, அவரிடம் ஒன்றும் இல்லை. தாக்க வேண்டியது அப்போது. நான் முன்பெல்லாம் உடைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவேன்; மறுபடி பூஜ்யத்திலிருந்து. அதற்கு ஷிடோ வேறு. இன்னொன்று, கைச்சட்டையின் வாய்க்குள் விரலை நுழைத்துப் பிடிக்கக் கூடாது. விதிப்படியும் தப்பு, என் விரலைப் பார்த்தால் வேறு காரணமும் தெரியும். பிடிக்கும்போது சுண்டு விரல் பக்கம்தான் இறுக வேண்டும், ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தளர்வாக. எல்லா விரலையும் இறுக்கினால் முழங்கையும் தோளும் விறைத்துவிடும், எதிராளி எந்தப் பக்கம் நகர்கிறார் என்று கைக்குத் தெரியாமல் போகும். எனக்கு மோதிர விரல் நுனி மடங்காததால் இறுக்கவே முடியவில்லை, வேறு வழியில்லாமல் தளர்வாகப் பிடிக்கக் கற்றேன். எதிராளி உருவ ஆரம்பிக்கும்போதே விட்டுவிட்டு, அவர் கை திரும்பி வரும் இடத்தில் காத்திருந்து மறுபடி பிடிப்பேன்.

பயிற்சிக்கு நாங்கள் இப்போது செய்வது சாதாரணமானதுதான். ஒரு நிமிடம், எறிதல் கிடையாது, கை மட்டும். யார் இரண்டு கைப் பிடியையும் பிடித்து, எதிராளிக்கு ஒன்றுதான் கிடைத்த நிலையில் மூன்று எண்ணும்வரை வைத்திருக்கிறாரோ அவருக்கு ஒரு புள்ளி. வாரத்தில் இரண்டு நாள், ஆறு சுற்று. மாஸ்டரிடம் கேட்டபோது முதலில் ‘எறியக் கத்துக்கோம்மா, பிடி தானா வரும்’ என்றார். எனக்குத் தானாக வரவில்லை, அதனால் நானே அந்த விடுதிப் பெண்ணையும் இரண்டு பையன்களையும் வைத்து வகுப்புக்கு முன் இருபது நிமிடம் ஆரம்பித்தேன். ஸ்பிரிங் கருவிக்குப் பதில் மாடிக் கம்பியில் ஒரு தடிமனான துண்டைப் போட்டுத் தொங்குகிறேன், செலவில்லை. மேட்டில் ஏறும்முன் மோதிர விரலையும் நடுவிரலையும் துத்தநாக ஆக்சைடு ஒட்டு டேப்பால் சுற்றுகிறேன், மூட்டுக்கு மேலும் கீழும், மூட்டின் மேல் குறுக்காக. மாதம் 250 ரூபாய் அதற்கே போகிறது.

இந்த வருடப் போட்டியில் முதல் ஆட்டம் ஜெயித்தேன், ஓசோட்டோ காரியில், அதாவது காலை வெளிப்பக்கமாக வாரிப் போடும் எறிதலில், வஸா-அரி என்ற அரைப் புள்ளி. இரண்டாவதில் ஒரு இடதுகைக்காரியோடு கோல்டன் ஸ்கோர் என்ற கூடுதல் நேரம் வரை போய்த் தோற்றேன். இந்த முறை தூக்கிப் போடப்பட்டேன், சுத்தமாக, முதுகு முழுக்கத் தரையில். கழிவறைக்குப் போகவில்லை, அந்தப் பெண்ணிடமே போய் என் முழங்கை எங்கே மேலே ஏறியது என்று கேட்டேன். அவள் பொறுமையாகக் காட்டினாள்.

போன மாதம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், கல்லூரி முதல் வருடம். ரன்டோரியில் எங்கள் பையன் ஒருவன் அவள் எதிரில் நின்று, வழக்கம்போலக் கைச்சட்டையை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு நெளிந்தான். ‘டேய், காலரைப் பிடிடா’ என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள், ‘பிடிங்க அண்ணா’ என்றாள். அவன் கையை நீட்டினான். கை காலரைத் தொடும் முன்பே அவள் அதைத் தட்டிவிட்டாள்.